அத்தானின் ஜீப்பை நான் ஆகாயத்துக்கு உயர்த்திய கதை

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாகக் கலந்து செய்த என் அத்தானுக்கு,

முதலில் ஒரு சத்தியம். இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீங்கள் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏல எபி, நீ மூச்சு விட்டா அதுலயே பாதி புளுகு" என்றிருப்பீர்கள். மறுத்துப் பேச ஆள் இல்லாததால் இந்த முறை தடையில்லாமல் சொல்கிறேன். சங்கத்து மலரில் இதைப் படிக்கும் டெல்லித் தமிழ்ப் பெருமக்களும் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் ஜீப் உயர்ந்துவிட்டது அத்தான். கொஞ்சநஞ்சமா? வண்டியைக் கிளப்புவதற்கு முன் பாலம் விமான நிலையத்துக்குப் போன் செய்து வழி கேட்கிறேன். மேலே உட்கார்ந்தால் இந்தியா கேட்டின் தலையில் எத்தனை வருஷத்துத் தூசி படிந்திருக்கிறது என்று தெரிகிறது. பனிமூட்டத்தில் ஊரே கண் தெரியாமல் ஊர்ந்தபோது நான் மட்டும் மூட்டத்துக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டு போனேன்.

"ஜீப்புன்னா அதுக்கு அடியில ஒரு நாய் குனியாம போவணும்ல." இது நீங்கள் சொன்னது. ஓய்வு பெற்றதும் மற்ற அதிகாரிகள் எல்லாம் ஊரில் மனை வாங்க, நீங்கள் ஒரு நீல ஜீப்பை வாங்கி வந்து நிறுத்தினீர்கள். வாங்கிய நாளிலிருந்தே அதைத் தூக்கவேண்டும், பெரிய டயர் போடவேண்டும் என்றுதான் பேச்சு. ஆரவல்லிப் பாறைகளுக்கு நடுவே போகவேண்டும், யமுனைக் கரை மணலில் இறங்கவேண்டும் என்பீர்கள். ஆனால் வருஷா வருஷம் ஏதோ ஒரு சாக்கு. நானும் விடவில்லை. "அத்தான், உங்க உயரத்துக்கு வண்டியைத் தூக்கினா தீயணைப்புப் படை வந்துதான் உங்களை எறக்கணும்" என்று ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடிக்கிற இடத்தில் சத்தமாகச் சொல்வேன். நீங்கள் சிரிப்பீர்கள். பதில் சொல்ல மாட்டீர்கள்.

இப்போது நாய்களைப் பற்றிக் கவலை வேண்டாம். லக்ஷ்மிபாய் நகர் நாய்கள் அனைத்தும் உங்கள் ஜீப்புக்கு அடியில்தான் மாநாடு கூட்டுகின்றன. தலைவர் நாய் நின்றுகொண்டே பேசுகிறது.

எப்படி இது நடந்தது என்று கேட்பீர்கள். உங்கள் முதலாம் ஆண்டு நினைவு வந்தது. நம் கிறிஸ்தவக் கோயில் வழக்கம் தெரியுமே. கோயிலுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்து, அதில் 'இன்னார் நினைவாக' என்று பெயின்டில் எழுதிவிடுவோம். நம் கோயிலில் ஜெபிக்க மேலே பார்த்தாலே முன்னோர்கள் வரிசையாகச் சுழல்கிறார்கள். ஷீபாவும் ஒரு மின்விசிறி கொடுக்கலாம் என்றாள். உங்கள் மகள் நல்ல பெண், ஆனால் மத்திய அரசில் வேலை பார்த்துப் பார்த்து ஆசைகளை ஒதுக்கீட்டுக்குள் அடக்கிவிடுகிறாள். என் அத்தானுக்கு மின்விசிறியா? இமயமலையைப் பார்த்துக் கண்ணடித்த மனிதருக்கு மூன்று இறக்கையா? அவர் ஆசைப்பட்ட உயரத்தை நான் கொடுப்பேன் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் கூட.

மாயாபுரியில், பழைய வண்டிகளின் எலும்புகள் குவிந்து கிடக்கும் ஒரு சந்தில் பிந்தர் என்று ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். "அங்கிள்ஜி, டைம் மட்டும் கொடுங்க, குதுப் மினாரையும் ரெண்டு ஃபுட் தூக்கித் தரேன்" என்று இந்தியில் மார் தட்டினார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. நம்மைப் போல ஒருவர் என்று தெரிந்தது.

"எந்த ரோட்டுல ஓட்டப்போறீங்க?" என்று கேட்டார்.

"ரோடே இல்லாத இடத்துல. லடாக், கட்ச் பாலைவனம், தோது இருந்தா நிலா."

"யார் யார் போவாங்க?"

"நான். கூட ஒரு அமரர்."

அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் நான் விடவில்லை. "ஏறுறதுக்குப் படி வைக்கவா?" என்றார். "படி வெச்சா அது பஸ். இந்த ஜீப்புல கண்டக்டர் கிடையாது" என்றேன். சபாஷ் என்று என் தோளில் தட்டினார். தோள் இன்னும் வலிக்கிறது.

அத்தான், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு, வளைவு அதிகமான புதுப் பட்டைகளைப் பூட்டினார். நீளமான ஷாக் அப்சார்பர்கள் போட்டார். பெரிய டயர்கள் வந்தன, ஒவ்வொன்றும் முதலையின் வாய் போலப் பல் பல்லாக. மாட்டிப் பார்த்தால் திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசியது. ஒரு வார்த்தை கேட்காமல் மட்கார்டின் ஓரத்தை வெட்டி எறிந்தார். உங்கள் பெயின்ட் அது. ஆனால் பெரிய காரியங்களில் சிறிய காயங்கள் உண்டு என்று மாவீரன் போல நின்றேன். கழற்றிய பழைய டயர்களை அவர் எடைக்குப் போடப் பார்த்தார். நான் விடவில்லை. முனிர்காவில் என் மொட்டை மாடி அறை வாசலில் கொண்டுவந்து அடுக்கினேன்.

இன்னொரு செய்தி. டயர் பெரிதானதால் ஸ்பீடோமீட்டர் உள்ள வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுகிறது. நம் குடும்பத்தில் உள்ளதைக் குறைத்துச் சொல்லும் முதல் உறுப்பினர் அதுதான்.

நினைவு ஞாயிறு அன்று காலை லக்ஷ்மிபாய் நகரில், அக்காவும் இருக்கும் ஷீபாவின் குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எனக்குள்ளே பேண்டு வாத்தியம் முழங்கியது. அக்கா வெள்ளைப் புடவையில், வேதாகமப் பையும் கைத்தடியுமாக வெளியே வந்தாள். நின்றாள். டயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏல எபி, இது என்னல?"

"அத்தானுக்கு நினைவுச் சின்னம்க்கா. அவிய ஆசைப்பட்டாவல்லா?"

அக்கா கிட்டே வந்து இருக்கையின் விளிம்பில் கையை வைத்தாள். போன வாரம் வரை இடுப்போடு நின்ற இருக்கை. முதுகைச் சாய்த்து, உட்கார்ந்து, கால்களைத் தூக்கி உள்ளே வைத்துத் திரும்புவாளே, அந்த இருக்கை இப்போது அவள் விலாவில் வந்து நின்றது.

"அவியளா வந்து ஏறப்போறாவ? ஏற வேண்டியவ நான்லா இங்க நிக்கேன்."

ஷீபா பின்னாலேயே ஓடி வந்தாள். "மாமா, க்யா கர் தியா நீங்க! அம்மாவோட முட்டு ஆபரேஷன் ஞாபகம் இல்லயா? டாக்டர் என்ன சொன்னாங்க? உயரத்துல கால் வெச்சு ஏறவே கூடாது!"

இல்லை அத்தான், ஞாபகம் இல்லை. ஆபரேஷன் வார்டுக்கு வெளியே ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் நான்தான். இருந்தும் செத்தவரின் ஆசை ஞாபகம் இருந்தது, உயிரோடு இருப்பவளின் முட்டு ஞாபகம் இல்லை. இதை என்னவென்று சொல்ல?

அக்கா ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். ஷீபாவோடு ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீயும் வாயேன்ல, எடம் கெடக்கு" என்றாள். நான் வீராப்பாக, "இன்னிக்கு அத்தான் பேருல ஜெபம். அத்தான் ஜீப்பு வராம எப்படி?" என்றேன். "அப்பம் உன் அத்தான் ஜீப்போடயே வா" என்றாள். ஆட்டோ கிளம்பிவிட்டது.

உலக வரலாற்றில் அப்படி ஓர் ஊர்வலம் நடந்ததில்லை. முன்னால் மூட்டைப்பூச்சி போல ஒரு ஆட்டோ. பின்னால் ஐராவதம் போல உங்கள் ஜீப். ஆட்டோ நின்றால் நான் நிற்பேன். ஆட்டோ நெளிந்தால் நானும் நெளிவேன். இந்த டயர்கள் தார்ச்சாலையில் ஊளையிடும் சத்தம் இருக்கிறதே, சாணக்யபுரியில் தூதரகங்களெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தங்கள் நாட்டுக்குத் தந்தி அடித்தன.

அங்கேதான் ரவுண்டானாவில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி ஓரங்கட்டினார். டயரைப் பற்றித்தான் கேட்பார் என்று பதில்கள் தயார் செய்துகொண்டு இறங்கினேன். அவர் டயரைப் பார்க்கவே இல்லை.

"ஏன் அந்த ஆட்டோவைத் துரத்துறீங்க?"

"துரத்தலை பாயிசாப். அதுல இருக்கறது என் அக்கா."

அவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். "அக்கான்னா இதுல உக்காராம எதுக்கு அதுல போறாங்க?"

எவ்வளவு பெரிய வாய் எனக்கு. எத்தனை சபைகளில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன். டயருக்காகத் தயார் செய்த பதில்களை விட்டுவிட்டு லைசென்ஸை எடுத்து நீட்டினேன் அத்தான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜாயியே, அங்கிள்" என்று விட்டுவிட்டார்.

உங்களுக்குத் தெரியும், எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. திங்கள் முதல் சனி வரை என் வாய்க்கு வேலை 'பையா, ஒரு பிரெட்', 'அச்சா', 'நஹி சாஹியே', இதோடு முடிந்துவிடும். ஷீபாவின் தமிழ் பாதி இந்தியில் கலந்துபோனது. நம் ஊர்த் தமிழை நான் வாய் நிறையப் பேசுவது ஞாயிறு காலையில், லக்ஷ்மிபாய் நகரிலிருந்து கோல் மார்க்கெட் பக்கத்துக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற அந்த வழியில் மட்டும்தான். முன்பு நீங்கள் ஓட்டுவீர்கள், அக்கா பக்கத்தில், நான் பின்னால். நீங்கள் போன பிறகு நான் ஓட்ட, அக்கா பக்கத்தில், பின்னால் யாரும் இல்லை. வழியெல்லாம் அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வருவாள். பாடும்போது என் சுருதி, என் சட்டைக் காலர், நான் சாப்பிடுகிற ஓட்டல், ஒன்றையும் விடமாட்டாள். அந்தத் திட்டு ஒரு வாரத்துக்குத் தாங்கும். அதைத்தான் நான் என் கையாலேயே வழித்து எறிந்திருக்கிறேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே ஊர்வலம். கோயில் வாசலில் ஜனங்கள் ஜீப்பைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். உங்கள் பேரைச் சொன்னார்கள். நான் கை கட்டி நின்று எல்லோருக்கும் இமயமலைக் கதைகள் சொன்னேன். அக்கா கூட்டத்தைத் தாண்டி ஆட்டோ தேடிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் துணிந்து மோடா என்கிற பிரம்பு முக்காலி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அதைக் கீழே போட்டு, "இதுல ஏறி நின்னு அப்படியே உக்காருக்கா, ராணி மாதிரி" என்றேன். அக்காவும் பாவம், முயற்சி செய்தாள். ஒரு காலை மோடாவில் வைத்தாள். என் தோளைப் பிடித்தாள். உடம்பு எழும்பவில்லை. மோடா ஆட, ஷீபா கத்த, எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் பார்க்க, அக்கா மெதுவாகக் காலைத் தரையில் இறக்கினாள். அவள் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள்.

"எத்தன பேரக் கட்டில்ல தூக்கிப் போட்டிருப்பேன்" என்றாள். "என்னைத் தூக்க ஆளக் காணும், பாத்தியா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஷீபா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். ஆட்டோ குலுக்கலில் அம்மாவுக்கு முட்டு வீங்குகிறதாம். அடுத்த மாதம் வாங்கப்போகிற காரில் பக்கத்துக் கோயிலின் இங்கிலீஷ் ஆராதனைக்கே கூட்டிப்போகிறாளாம். "அஞ்சு நிமிஷ தூரம் மாமா. நீங்களும் அங்க வந்துடுங்க." அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் அக்கா என்னை எத்தனைதான் திட்ட முடியும்? அதுவும் ஷீபாவின் காரில், பின் இருக்கையில், நான் யாரோ போல.

"நீ என்னக்கா சொல்லுத?" என்று கேட்டேன். அவள் தடியின் பிடியைத் தடவிக்கொண்டு, "எனக்கு இங்கிலீஷ்ல அழுகை வராதுல" என்றாள்.

இன்று காலை பிந்தரிடம் போனேன். மொட்டை மாடியிலிருந்து பழைய டயர்களை உருட்டி இறக்கி, பின்னால் போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கிடந்தன. உங்களுக்குப் பிடித்த மாதம்.

"அங்கிள்ஜி! லடாக் ஆச்சா? நிலா?"

"இறக்கணும்" என்றேன். "பழையபடி."

அவருடைய மீசையை மழிக்கச் சொன்னது போலப் பார்த்தார். நான் பழைய டயர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டேன். அவர் வண்டிக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டே, "இந்த ஜீப்போட தலையெழுத்து இது. பழைய சாஹிப்பும் இப்படித்தான்" என்றார்.

"எந்த சாஹிப்?"

"உங்களுக்கு இதை வித்தவர். முதல் நாளே வண்டியை அடையாளம் கண்டேன், நீங்கதான் என்னைப் பேச விடல. ஒல்லியா, தடிக் கண்ணாடி போட்டு. வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் இதே ஜீப்புல வருவார். இங்க தூக்கின வண்டி ஏதாவது நிக்குமில்ல, அதுகிட்டப் போய் நிப்பார். சீட்டு எவ்வளவு உயரத்துல வருதுன்னு தன் உடம்புல கையை வெச்சு அளப்பார். அப்புறம் எப்பவும் ஒரே கேள்வி. 'பிந்தர்ஜி, இதுல என் மிஸஸ் ஏற முடியுமா?' நான் படி வைக்கிறேன், கைப்பிடி வைக்கிறேன்னு சொல்லுவேன். அவர் யோசிப்பார். 'அவளுக்கு முட்டு வலி, நஹி ஹோகா, முடியாது' அப்படின்னு சாய் குடிச்சிட்டுப் போயிடுவார். அடுத்த வருஷம் திரும்ப வருவார், திரும்ப அளப்பார். நல்ல மனுஷன். ஏன் வித்தாரு?"

"விக்கலை. இறந்துட்டார். நான் அவர் மச்சினன்."

பிந்தர் ஜாக்கியை விட்டுவிட்டு எழுந்தார். கையைத் துணியில் துடைத்தார். "சாய்?" என்றார். இரண்டு பேரும் குடித்தோம்.

ஏன் அத்தான் என்னிடம் சொல்லவில்லை? அத்தனை பேர் முன்னால் தீயணைப்புப் படை என்று நான் சிரித்தபோது, 'உன் அக்காவால ஏற முடியாதுல' என்று ஒரு வரி சொன்னால் நான் வாயை மூடியிருப்பேனே? அவள் காதில் விழும் என்றா? தன் முட்டால்தான் உங்கள் ஆசை நின்றுபோனது என்று அவள் வருந்துவாள் என்றா? அல்லது அடுத்த வருஷம் முட்டு சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பித்தான் வருஷா வருஷம் போனீர்களா? அக்காவுக்குத் தெரியுமா இது? நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். சங்கத்து மலர் வந்தால் அக்கா அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பாள். விளம்பரத்தையும் விடமாட்டாள். இதையும் படிக்கட்டும்.

பட்டைகள் பழையபடி மாட்டியாகிவிட்டன. ஷாக் அப்சார்பரும் பழையதே; நல்லவேளை, பிந்தர் இரண்டையும் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். உங்கள் டயர்கள் உங்கள் ஜீப்பில். "வெட்டின மட்கார்டு மட்டும் திரும்ப வராது, அங்கிள்ஜி" என்றார் பிந்தர். அது அப்படியே இருக்கட்டும். என் கைவேலையும் உங்கள் வண்டியில் கொஞ்சம் தெரிய வேண்டாமா?

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நாளைக்கு வருவியா?"

"எறக்கிட்டியா?"

"எறக்கியாச்சு."

"எவ்வளவு?"

"அத்தான் வெச்சிருந்த அளவுக்கு."

தடி தரையில் ஒரு முறை தட்டியது. பிறகு, "வாசல்ல வந்து ஒருக்கா ஹார்ன் அடி. ஓயாம அடிச்சு ஊரைக் கூட்டாத. அந்தப் பச்சைச் சட்டையப் போட்டுட்டு வராத, பாக்க சகிக்கல" என்றாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவள் வைத்த பிறகும்.

அத்தான், இது என் வாக்கு. அக்கா சாய்ந்து உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்து, பெல்ட்டை மாட்டி, "ம், எடு" என்று சொல்லும் வரை உங்கள் ஜீப்பில் கியர் விழாது. உங்களுக்காகவும் சரி, வேறு எந்தப் புண்ணியவானுக்காகவும் சரி, அவளை விட்டுவிட்டு அது இனி ஒரு தெருவைக்கூடத் தாண்டாது.

கடைசியாக, உயரக் கணக்கு. விமான நிலையம், நாய்களின் மாநாடு, தூதரகத் தந்தி, பனிமூட்டத்துக்கு மேல் வெயில், எல்லாம் என் சொந்தச் சரக்கு. ஜீப் உயர்ந்தது மட்டும் நிஜம். பட்டையும் டயரும் சேர்ந்து நாலு விரற்கடை. என் கையையே வைத்துப் பார்த்தேன், கட்டை விரல் சேராமல் நாலு விரல். அக்காவைத் தெருவில் நிறுத்திவிட்டு நான் தனியாகப் போக, அவ்வளவு உயரம் போதுமானதாக இருந்தது.

உங்கள் அடங்காத மச்சினன்,
எபி